இரண்டாவது சத்தம்

அன்புமணி சாவியைத் திருப்பினான். இன்ஜின் பக்கம் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மறுபடி திருப்பியபோது அந்த 'டிக்'கும் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இதே கார் வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மருதமலை வரை போய்வந்தது. வழியில் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் நிறுத்திக் கவர் போட்டு மூடினார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரும் அதைத் தொடவில்லை. தொடாத வண்டி எப்படிக் கெட்டுப்போகும்?

அவனுக்கு அதுதான் விளங்கவில்லை. கணபதியில் பம்பு மோட்டார் செய்யும் கம்பெனியில் அவன் சோதனைப் பிரிவில் இருந்தான். செய்து முடித்த மோட்டார்களை ஓடவிட்டுப் பார்ப்பதுதான் வேலை. ஓடாத மோட்டார் ஏன் ஓடவில்லை என்று அவனால் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். சொந்தக் கார் ஏன் ஓடவில்லை என்று மட்டும் தெரியவில்லை.

அது தொண்ணூற்று ஆறாம் வருடம். கார் வெள்ளை நிறம், சின்னது, இரண்டாம் கையாக வாங்கியது. அவன் குடும்பத்தில் கார் வாங்கிய முதல் ஆள் அவன்தான். அம்மா மாசாணியம்மாள் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தே அவனைப் படிக்கவைத்தவர். அப்பா போனபிறகு மகனோடு வந்து இருக்கிறார். பஸ் ஏறினாலே அம்மாவுக்கு வாந்தி வந்துவிடும். பேத்தி யுவஸ்ரீக்கு மாசாணியம்மன் கோயிலில்தான் முதல் மொட்டை என்று அவர் வேண்டியிருந்தார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, வாந்தி இல்லாமல், அம்மா அந்தக் கோயிலுக்குப் போகவேண்டும். கார் வாங்கும்போது அன்புமணி மனதில் இருந்தது இது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு ஜெப்ரி மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். சர்ச்சுக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையோடு வந்தவனைக் கூப்பிட்டு அன்புமணி காரைத் தள்ளச் சொன்னான். தெருக்கோடி வரை தள்ளியும் இன்ஜின் இருமியதே தவிரப் பிடிக்கவில்லை.

"உன்ற பேட்டரி செத்துப்போச்சு அன்பு" என்று மூச்சு வாங்கினான் ஜெப்ரி. வீட்டிலிருந்து மைக்செட் பேட்டரி ஒன்றைத் தூக்கிவந்து, ஒயரால் இரண்டையும் இணைத்தான். அடுத்த திருப்பலிலேயே இன்ஜின் ஓடியது.

"கல்யாண வீட்டுல பாட்டுப் போடுற பேட்டரியப்பா. உன்ற கார் இனிப் பாடிக்கிட்டே போகும் பாரு."

அடுத்த நாள் கம்பெனிக்குப் போகும் வழியில் அன்புமணி பேட்டரியை மொபெட்டில் வைத்துக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வந்தான். அதன் முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவினான். புதிதாகக் கார் வாங்கியவர்கள் எல்லோரும் இதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பொடி இருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று அன்புமணி நினைத்தான்.

அந்த வாரம் அம்மா வெள்ளகோவிலில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். அன்புமணியும் மனைவி கயல்விழியும் குழந்தையோடு அவிநாசிக் கோயிலுக்குப் போய்வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு கார் ஒரே திருப்பலில் கிளம்பியது. அவனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அன்றைக்கு அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துப் பேரூர் அழைத்துப்போனான்.

அதற்கடுத்த ஞாயிறு மறுபடி 'டிக்'.

"எனக்கு ஞாயித்துக்கெழமை ரெண்டு பூசை" என்றான் ஜெப்ரி, சட்டைக் கையை மடித்துக்கொண்டே. "ஒண்ணு சர்ச்சுல. இன்னொண்ணு உன்ற வண்டிக்குப் பின்னால."

பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று முடிவுசெய்து அன்புமணி புதிது வாங்கிப் போட்டான். ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். வண்டி ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தான். ஏறியது. எல்லாமே சரியாக இருந்தன. அம்மாவை அழைத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். ஒரு வாரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், புது பேட்டரியும் பிணம்போலக் கிடந்தது.

அன்றைக்கு அம்மா முன்சீட்டில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். மகன் மூன்றுமுறை சாவியைத் திருப்பியதைப் பார்த்தார். பிறகு மடியில் வைத்திருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

"கண்ணு, கோயலுக்குப் போற அன்னிக்கு நீங்க மூணு பேரும் கார்ல போங்க. நான் உக்கடத்துல பஸ் ஏறிப் பொள்ளாச்சி போயி, அங்க மாறி வந்துக்கறேன்."

"பஸ்ஸுல உங்களுக்கு வாந்தி வருமுங்கம்மா."

"வாந்திதானே. வந்துட்டுப் போவுது."

"எதுக்குங்கம்மா இப்ப இந்தப் பேச்சு?"

அம்மா காரைப் பார்க்காமல் வாசல்படியைப் பார்த்துச் சொன்னார்: "நான் ஏறுன வாரமெல்லாம் நிக்குது. வெள்ளகோயல் போயிருந்த வாரம் ஓடுச்சா இல்லையா? போன தடவையே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொன்னா நீ வையுவேன்னு சொல்லலை. புது வண்டியில தாலியறுத்தவள மொதல்ல முன்னாடி உக்காத்தி வெச்சா, வண்டி என்ன பண்ணும்? பச்சப்புள்ளைக்கு மொட்டையடிக்கப் போற வழியில நின்னுபோச்சுன்னா அது எனக்கு ஆகாது சாமி."

அன்புமணிக்குக் கோபம் வந்தது. "அப்புடியெல்லாம் ஒண்ணுமில்லைங்கம்மா. பேட்டரிக்கு நீங்க யாருன்னே தெரியாது."

"சரி, தெரியாது. அப்பறம் ஏன் நிக்குது? சொல்லு."

அன்புமணி சாவியை உருவிக்கொண்டு இறங்கினான். அம்மா பையோடு உள்ளே போய்விட்டார். கயல்விழி, தோளில் குழந்தையோடு, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை இல்லாம மொட்டையடிச்சா அது மொட்டையாங்க?" என்றாள். "என்னமோ பண்ணுங்க. ஆனா கண்டுபுடிங்க."

அவன் வாசலில் உட்கார்ந்து யோசித்தான். அம்மா சொன்னதில் இரண்டு பாதி இருந்தன. ஒன்று, அவர் ஏறிய வாரமெல்லாம் கார் நிற்கிறது என்பது. இன்னொன்று, அதற்கு அவர் சொல்லிக்கொண்ட காரணம். காரணம் தப்பு. ஆனால் பார்த்தது தப்பில்லை. மருதமலை, பேரூர், கண் ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். அம்மா சொன்னதுதான் சரி. கம்பெனியில் ஒருவன் வந்து, "இந்த மோட்டார் திங்கக்கிழமை மட்டும் ஊளையிடுதுங்க" என்று சொன்னால் அவன் சிரிக்கமாட்டான். திங்கட்கிழமை என்ன நடக்கிறது என்று போய்ப் பார்ப்பான். அம்மா சொன்னதைக் கேட்டு மட்டும் ஏன் கோபப்பட்டோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

சரி, அம்மா ஏறினால் என்ன மாறுகிறது? எடையா? கயல்விழியைவிட அம்மா எடை குறைவு. ஏதாவது பொத்தானைத் தெரியாமல் அமுக்குகிறாரா? அம்மா மடியில் வைத்த பையைத் தவிர எதையும் தொடமாட்டார். அப்படியென்றால் இருக்கும் வழி ஒன்றுதான். அம்மா செய்வதையெல்லாம் அப்படியே செய்யச்சொல்லிப் பார்க்கவேண்டும்.

மதியம் ஜெப்ரியின் பேட்டரியால் காருக்கு மறுபடி உயிர் கொடுத்துக் கொஞ்சநேரம் ஓடவிட்டார்கள். பிறகு அன்புமணி அம்மாவைக் கூப்பிட்டான்.

"மறுபடி நானா?" என்றார் அம்மா. "வேண்டாங் கண்ணு."

"ஓட்டப்போறதில்லைங்கம்மா. சும்மா ஏறி எறங்குங்க. எப்பவும் எப்புடி எறங்குவீங்களோ அப்புடியே."

"அம்மா, போங்க" என்றான் ஜெப்ரி. "நின்னுபோனா நான் இல்லையா? எனக்குத்தான் தள்ளிப் பழகிப்போச்சே."

அம்மா ஏறி உட்கார்ந்தார். பையை மடியில் வைத்தார். ஊர் வந்து சேர்ந்ததுபோல இறங்கினார். மகன் சொல்லிக்கொடுத்தபடி பூட்டுக் குமிழை அமுக்கினார். இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் வைத்து, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல அதைச் சாத்தினார். சத்தமே கேட்கவில்லை. அதைப் பார்த்து அன்புமணிக்கு எப்போதும்போல மனது குளிர்ந்தது. கயல்விழி டவுன் பஸ் கதவு மாதிரிக் கார்க்கதவை அடித்துச் சாத்துவாள். "அம்மா மாதிரி மெதுவாச் சாத்து அம்மணி" என்று அவன் எத்தனையோ தடவை அவளைக் கடிந்திருக்கிறான்.

பிறகு அவன் செய்ய வேண்டியதைச் செய்தான். வேப்பமரத்துக் காக்காய்களுக்குப் பயந்து, உக்கடத்தில் லாரித் தார்ப்பாய் தைக்கும் கடையில் தைத்து வாங்கிய காக்கிக் கவர் அது. கம்பளிபோலக் கனமானது. அதை இழுத்துக் காரை முழுக்க மூடினான்.

மூடியபிறகு நால்வரும் காக்கி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. ஒவ்வொரு வாரமும் இந்தக் கவரை எடுத்தபிறகுதான் அவன் காரைப் பார்த்திருக்கிறான். எடுத்தவுடன் கதவுகளைத் திறந்துவிடுகிறான். கவருக்குள் மூடிக்கிடக்கும் காரை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

கவரின் ஓரத்தைத் தூக்கித் தலையை நுழைத்து அவன் உள்ளே போனான்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்றாள் கயல்விழி. "தெருவே பாக்குது."

உள்ளே ரப்பர் வாசனை. வெளியே அவ்வளவு வெயில் அடித்தும் கவருக்குள் சினிமா தியேட்டர்போல இருட்டு. கண்ணாடியில் கையைக் குவித்துக் காருக்குள் பார்த்தான். கூரையின் நடுவில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு, தூங்கும் அறையில் வைப்பதுபோல, எரிந்துகொண்டிருந்தது.

அவன் கவரின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தான். பிறகு, "அம்மா" என்று கூப்பிட்டான். "இங்க வாங்க. குனிஞ்சு வாங்க."

அம்மாவும் கவருக்குள் வந்தார். மகனோடு ஒட்டி நின்று, அவனைப் போலவே கையைக் குவித்துப் பார்த்தார்.

"அய்யோ, உள்ள வெளக்கெரியுது. யாரு போட்டா?"

"யாரும் போடலைங்கம்மா. கதவத் தெறந்தா அது தானா எரியும். சாத்துனா தானா நின்னுக்கும்."

"சாத்தித்தானே இருக்குது?"

"முக்காவாசி சாத்தியிருக்குதுங்கம்மா."

கவரை விலக்கிவிட்டு, கதவைத் திறந்து, அவன் எல்லோருக்கும் காட்டினான். கதவின் ஓரத்தில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறது. எதிரே கார் உடம்பில் ஒரு இரும்பு முளை. கதவைச் சாத்தினால் கொக்கி முளையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கொக்கிக்கு இரண்டு பல். முதல் பல் ஒரு காவலுக்கு. யாராவது சரியாகச் சாத்தாமல் விட்டாலும் ஓடும் வண்டியில் கதவு படாரென்று திறந்துகொள்ளாமல் பிடித்துவைக்கும். இரண்டாவது பல்தான் உண்மையான சாத்தல். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் கனம்தான் இடைவெளி. அந்த இடைவெளியையும் ரப்பர் பட்டை மறைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கதவு சாத்தியதுபோலத்தான் தெரியும்.

"இந்தப் பொத்தானப் பாருங்க" என்று கதவு வந்து பதியும் இடத்தில் இருந்த சின்னக் குமிழை விரலால் அமுக்கினான். விளக்கு அணைந்தது. விட்டான். எரிந்தது. "ரெண்டாவது பல்லு புடிச்சாத்தான் கதவு இத முழுசா அமுக்கும். இது முன்கதவுக்கு மட்டுந்தான் உண்டு. நீங்க எப்பவும் முன்னாடி உக்காருறீங்க. ஏறுனதும் நான் எட்டி இழுத்துச் சாத்திப்போடுவேன். எறங்குறப்ப நான் அந்தப் பக்கம் கவரை எடுத்துட்டு இருப்பேன். நீங்க சாத்துறது முதல் பல்லுலயே நின்னுபோகுது."

"இத்தனூண்டு வெளக்கா அத்தாம்பெரிய வண்டிய நிறுத்துச்சு?" என்றார் அம்மா.

"தொட்டி நெறையத் தண்ணி இருக்குது, அடியில ஒரு பொட்டு ஓட்டை. ஒரு நாள்ல தெரியாது. ஒரு வாரம் ஒழுகுனா?"

"காலியாப் போயிரும்."

"அதேதானுங்கம்மா. வெளிய தெரியாம நான்தான் கம்பளி போத்தி வெச்சிருந்தேன்."

ஜெப்ரி தலையில் கைவைத்தான். "ஒரு அஞ்சு வாட்டு பல்புக்காகவா நான் வெள்ளச் சட்டைய அழுக்காக்குனேன்?"

கயல்விழி இடுப்பில் குழந்தையை ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "மெதுவாச் சாத்து, மெதுவாச் சாத்துன்னு என்னைய வஞ்சீங்களே. நான் சாத்துன வாரம் வண்டி நின்னுச்சா?"

"இல்லை அம்மணி."

"சத்தமாச் சொல்லுங்க. ஜெப்ரியண்ணனுக்குக் கேக்கலை."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கதவின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார்.

"உனக்கு ரெண்டு வயசு இருக்கும்" என்றார். "காச்சல்ல கையும் காலும் இழுத்து வெட்டு வந்துருச்சு. தோட்டத்துக்காரர் அவரு கார்லயே ஏத்திப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவெச்சார். நல்ல மனுசர். நான் உன்னயத் தூக்கிட்டு எறங்குன பதட்டத்துல கதவ வீசிச் சாத்திப்போட்டேன். டிரைவரு, 'உங்க குடிசைப் படலுன்னு நெனச்சியா'ன்னு கேட்டுப்போட்டான். உன்னய எடுத்துட்டு ஓடுனேன். ஆனா அது காதுலயே நின்னுபோச்சு. கார்க்கதவு நோகுமாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்." கதவை ஒருமுறை தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "இது உன்ற வண்டி. நோகக் கூடாதுன்னுதான்."

அன்புமணி அம்மாவின் கையை எடுத்துக் கதவின் மேல் வைத்தான். "நோகாதுங்கம்மா. இது இரும்பு. வீசிச் சாத்துங்க."

அம்மா சாத்தினார். முதல் பல்லில் நின்றது. மறுபடியும் முதல் பல். கை வேகமாகத்தான் கிளம்பியது, ஆனால் கடைசி ஒரு சாண் வரும்போது தானாகவே மெதுவாகிவிட்டது. அத்தனை வருடம் பழகிய கை. அவர் சொன்னாலும் அது கேட்கவில்லை.

"தோப்புல தென்ன மட்டைய இழுத்துக் குமியல்ல எப்புடிப் போடுவீங்க?" என்றான் ஜெப்ரி. "தொட்டில்ல போடுற மாதிரியா?"

அம்மா அவனை முறைத்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். ஒரு கையால், மட்டையை வீசும் அதே வீச்சில், கதவை விட்டார்.

'டக்' என்றது. உடனே பின்னாலேயே 'டப்' என்றது. வேப்பமரத்தில் காக்காய்கள் எழுந்து பறந்தன. யுவஸ்ரீ கைதட்டினாள்.

"ரெண்டு சத்தம்" என்றார் அம்மா.

"ரெண்டு சத்தமுங்கம்மா."

மறுபடி திறந்து மறுபடி வீசினார். டக், டப். இன்னொருமுறை. அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனாலும் அவர் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறவர் இல்லை. "ஒரு வாரம் நிக்கட்டும்" என்றார். "அப்பறம் பாக்கலாம்." அது நியாயமான பேச்சு. கம்பெனியில் அன்புமணியும் அதைத்தான் சொல்வான். மறுநாள் அவன் பேட்டரியைக் கழற்றி முழுச் சார்ஜ் ஏற்றி மாட்டினான். சாயங்காலம் அம்மாவை முன்சீட்டில் ஏற்றிச் சிங்காநல்லூர் வரை ஒரு சுற்றுப் போய்வந்தான். அம்மா இறங்கி, வீசிச் சாத்தினார். கவரை அவன் பாதி இழுத்திருந்தபோது, "இரு கண்ணு" என்று நிறுத்தி, கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே பார்த்தார். இருட்டாக இருந்தது. "ம், மூடு" என்றார். அதன்பிறகு யாரும் காரைத் தொடவில்லை.

கோயிலுக்குப் போகும் ஞாயிறு வந்தது. கயல்விழி குழந்தையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். அம்மா துணிப்பையோடு வாசலிலேயே நின்றார். பஸ்ஸுக்குத் தேவைப்படும் என்று இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டு வைத்திருந்தது கயல்விழிக்குத் தெரியும்.

அன்புமணி சாவியை அம்மாவிடம் நீட்டினான்.

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"உக்காந்து திருப்புங்க. ஒரு வாரம் கேட்டது நீங்கதானே."

அவர் டிரைவர் சீட்டில் பக்கவாட்டில், பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் அமர்ந்தார். அவன் கியர் விழாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைப் பிடிக்கும் விதம் காட்டினான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார்.

கார் ஒரே திருப்பலில் கிளம்பியது.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. இன்ஜின் ஓடும் அதிர்வு சாவி வழியாக விரலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. சாவியை விடாமல் கொஞ்சநேரம் அப்படியே இருந்தார். பிறகு இறங்கி, காரைச் சுற்றி நடந்து வந்து, முன்சீட்டில் ஏறினார்.

"ஏ அம்மணி, புள்ளைய இங்க குடு" என்று பின்னால் திரும்பிக் கை நீட்டினார். பேத்தி மடிக்கு வந்ததும் கதவை ஒரே இழுப்பாக இழுத்துச் சாத்தினார். அன்புமணி எட்டி வந்து இழுக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

கார்க்கதவைச் சாத்தும்போது இரண்டு சத்தம் கேட்கவேண்டும். ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால், திறந்து, கையை வீசி மறுபடி சாத்தவேண்டும். கவர் போடுகிறவர்கள் அதற்கு முன்னால் ஒருமுறை கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே பார்த்துவிடவேண்டும். விளக்கு எரியாமல் இருந்தால், ஒரு வாரம் கழித்தும் வண்டி கிளம்பும்.